பிரிக்காத மார்வார்

உலகத்தில் மனிதர்களைக் காப்பாற்றுவதற்கென்று சில பொருள்கள் உண்டு. அந்தப் பொருள்களை மனிதர்களிடமிருந்து காப்பாற்றுவதற்கென்றே சில மனிதர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்தாருக்குப் பத்திரக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இவரைத் தெரியும். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். மழை கொட்ட ஆரம்பித்ததும் குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தொப்பலாக நனைந்தபடி ஓடி வருவாரே, அவரேதான். பிள்ளைகள் கை பட்டுவிடும் என்று தீயணைக்கிற சிவப்பு உருளையை உள்ளறைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவி தொலையாமல் இருக்க அதை அடுப்புக்கு நேர்மேலே ஆணியில் மாட்டிவைப்பவரும், விரல் வெட்டுப்பட்டு இரத்தம் சொட்டும்போது முதலுதவிப் பெட்டியை எடுத்து, மூடியைத் துடைத்து, "இது இன்னும் சீலே உடைக்கலையே" என்று திரும்ப வைத்துவிட்டுக் கரித்துணியைக் கிழித்துக் கட்டிக்கொள்பவரும் இவர்தான். கட்டிய பிறகு பெட்டியின் மேல் இரத்தம் பட்டுவிட்டதா என்று ஒருமுறை பார்ப்பார். படவில்லை. அப்பாடா.

கஞ்சனா என்றால், இல்லை. கஞ்சன் வாங்கவே மாட்டான். இவர் தெருவில் முதல் ஆளாக, இருப்பதிலேயே உயர்ந்த ரகமாக வாங்குவார். அலட்சியக்காரரா? அதுவும் இல்லை. இவரைப் போலப் பயப்படுகிறவர் கிடையாது. பயம் வந்ததும் கடைக்குப் போவார். வாங்கி வந்ததும் பயம் போய்விடும். பயமே போய்விட்ட பிறகு அந்தப் பொருளுக்கு வெளியில் என்ன வேலை? அது அலமாரிக்குப் போகும்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரியைக் காண நீங்கள் அலைய வேண்டாம். என் மாமாவிடம் வந்தால் போதும். அம்மாவின் தம்பி. ஊருக்கு வெளியே குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறார். நான் படித்த பள்ளி என்னைக் கைவிட்டதும், அல்லது நான் அதைக் கைவிட்டதும், இரு தரப்புக்கும் அதில் வருத்தமில்லை என்பதால் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பள்ளிதான் என்னைச் சேர்த்துக்கொண்டது. உராய்வு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது நான் வெளியே வந்தேன். ஆகவே ஒரு பொருள் ஏன் வழுக்குகிறது என்பது எனக்குத் தெரியும். வழுக்காமல் இருக்க என்ன செய்வது என்பது மறுநாள் பாடம் போலிருக்கிறது.

மறுநாள் பாடத்தை எனக்கு நடத்தியவள் பூசணி. பூசணி என்பது எங்கள் லாயத்தில் இருக்கிற குள்ளமான பெண்குதிரை. மற்ற குதிரைகளுக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் ஒரு மேடு இருக்கும், சேணம் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். பூசணிக்கு அந்த மேடு கிடையாது. படைத்தவன் அவளைச் செய்து முடித்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளங்கையில் வைத்து ஒருமுறை உருட்டிவிட்டிருக்கிறான். போதாக்குறைக்கு அவளிடம் ஒரு சாமர்த்தியம். வயிற்றுக்கு அடியில் வாரை இழுத்துக் கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை ஊதிக்கொள்வாள். கட்டி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு நாம் நிமிர்ந்ததும் மூச்சை விட்டுவிடுவாள். வார், நாடா தளர்ந்த பாவாடை மாதிரி தொங்கும். நாலடி நடக்கவைத்து மறுபடி இறுக்கலாமே என்பீர்கள். இறுக்கலாம். ஆனால் பானையின் மேல் பலகை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு இறுக்கினாலும் உருண்டை உருண்டைதான். ஏற்றத்தில் சேணம் வாலைப் பார்த்துப் போகும். இறக்கத்தில் காதைப் பார்த்து வரும். சமதரையில் எந்தப் பக்கம் போவது என்பதை அன்றைய மனநிலையைப் பொறுத்துச் சேணமே முடிவு செய்துகொள்ளும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. குதிரையின் மார்பைச் சுற்றி வந்து, சேணம் பின்னால் போகாமல் பிடிக்கிற மார்வார் உண்டு. வாலடியில் மாட்டி, சேணம் முன்னால் ஓடாமல் இழுக்கிற வால்வார் உண்டு. பக்கவாட்டில் திரும்பாமல் இருக்க அடியில் போடுகிற சொரசொரப்பான ரப்பர் மெத்தை உண்டு. மூன்றும் மாமாவிடம் இருக்கின்றன. பிரச்சினையே அதுதான். அவரிடம் இல்லையென்றால் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள்.

அவை வந்து இறங்கிய நாளில் மாமா அட்டைப்பெட்டியின் ஒரு மூலையை மட்டும் நகத்தால் நெம்பி, மூக்கை நுழைத்து, தோல் வாசனையைக் கண்மூடி இழுத்துவிட்டு, உடனே டேப் போட்டு மூடினார். உள்ளே இருந்த பாலிதீன் பை அப்படியே. பையின் மேல் ஒட்டியிருந்த படம் அப்படியே. படத்தில் வார் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு குதிரை நிற்கும். எங்கள் பள்ளியில் மார்வார் மாட்டிய குதிரை அது ஒன்றுதான். அலுவலக அறையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் பெட்டி ஏறியது. தினமும் காலையில் முதல் வேலையாக மாமா அதை இறக்கித் துடைப்பார். குதிரைகளைத் துடைப்பது இரண்டாவது வேலை.

புதிதாகச் சவாரி கற்க வருபவர்களை முதலில் லாயத்துக்கு அழைத்துப் போக மாட்டார். அலமாரிக்குத்தான். ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் வந்தார்.

"பாருங்க சார், இதுதான் மார்வார். பின்னாடி இருக்கிறது வால்வார். முதல் தரத் தோல். நம்மகிட்ட சேஃப்டிதான் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்."

"அருமைங்க. இதை எப்ப மாட்டுவீங்க?"

"எப்ப தேவையோ அப்ப."

டாக்டருக்கு முகம் தெளிந்துவிட்டது. அலமாரியைப் பார்த்த தைரியத்தில் பூசணி மேல் ஏறினார். பாதிச் சுற்றில் சேணம் ஒரு பக்கமாகச் சாய, அவரும் அதோடு சாய்ந்து, மீதிச் சுற்றை யார் காதிலோ ரகசியம் சொல்லப் போகிறவர் மாதிரி முடித்தார். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அவர் நேராகவில்லை.

அன்று மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, அதை எப்பதான் எடுப்பீங்க?"

"தேவை வரட்டும்டா."

"தேவைன்னா என்ன?"

"யாராவது விழுந்தா."

"போன மாசம் பேங்க்காரர் விழுந்தாரே."

"விழுந்த அப்புறம் எதுக்குடா அது? அதான் விழுந்தாச்சே."

இந்த வாதத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் தேடிக் களைத்துவிட்டேன். விழுவதற்கு முன்னால் தேவையில்லை, ஏனென்றால் இன்னும் யாரும் விழவில்லை. விழுந்த பின்னாலும் தேவையில்லை, ஏனென்றால் விழுந்து முடிந்துவிட்டது. நடுவில் இருப்பது விழுந்துகொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் அலமாரி வரைக்கும் யார் ஓடுவது?

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் மனைவி. ஃபோன் எடுப்பது, தீவனம் கலப்பது, விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து "மண்ணு மெத்துனுதான் இருக்கும், ஒண்ணுமில்ல" என்று தேற்றுவது எல்லாம் அவள் வேலை. ஆள் பூசணி மாதிரியே இருப்பாள் என்று ஒருமுறை சொல்லி, தீவனக் கரண்டியால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடித்தது அத்தை. அவமானப்பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது பூசணி.

இத்தனை வருடங்களில் அத்தை ஒருநாள்கூடக் குதிரை மேல் ஏறியதில்லை. பள்ளிக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. கொஞ்சம் பழகியவர்கள் குதிரையில் அதன் உச்சி வரை போய் வருவார்கள். அவர்கள் இறங்கியதும் அத்தை தண்ணீரோடு சேர்த்து ஒரு கேள்வியும் நீட்டுவாள். "மேலேருந்து பார்த்தா என்ன தெரியுது?" ஒருவர் நல்ல காற்று என்பார். ஒருவர் ஊரே தெரிகிறது என்பார். ஒருத்தி செல்ஃபோனைக் காட்டுவாள். அதில் அவள் முகம்தான் இருக்கும். நடந்து ஏறலாம் என்றால் அத்தையின் முழங்கால் வாசற்படிக்கே வழக்குப் பேசும்.

ஒருநாள் தீவனம் கலந்துகொண்டே, யாரிடமோ கேட்பது போல, தொட்டியைப் பார்த்துக் கேட்டாள். "நானும் ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமா?"

மாமாவுக்கு முகமெல்லாம் பல். இதை எழுதும்போது அவரைக் குறைத்துச் சொல்லக் கூடாது. உண்மையாகவே மகிழ்ந்துபோனார். தன் கையாலேயே சேணத்தைத் தூக்கி வந்து பூசணி மேல் போட்டார். மற்ற குதிரைகள் உயரம், கொஞ்சம் முன்கோபம். அத்தைக்குப் பூசணியை விட்டால் வேறு கதி இல்லை.

"மாமா, இன்னைக்காவது அந்த மார்வாரை..."

"புதுசுடா அது. மேட்டுப் பாதையில முள்ளுச்செடி. கீறி வெச்சிடும்."

"அத்தையைக் கீறாதா?"

"அவ என்ன நேத்தா வாங்கினது?"

அத்தை சிரித்துவிட்டாள். அவள் அப்படித்தான், நல்ல பதில் யாரிடமிருந்து வந்தாலும் சிரித்துவிடுவாள். முக்காலி போட்டு ஏறினாள். மாமா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பக்கத்தில். மேட்டில் முதல் ஏற்றம் வந்ததும் சேணம் பின்னால் ஒரு பிடி நகர்ந்தது. அப்புறம் இடது பக்கமாக, எந்த அவசரமும் இல்லாமல், திரும்பத் தொடங்கியது.

"ஏங்க, நான் சாயறேனா, மேடு சாயுதா?"

"நீ நேரா உக்காரு."

"நேராத்தாங்க உக்காந்திருக்கேன். சேணம்தான் வேற எங்கேயோ போகுது."

"காலை அழுத்து. ரெண்டு காலையும் அழுத்து."

அழுத்தினாள். சாய்கிற பக்கம் கூடுதலாக அழுந்தியது. நான் தாங்கப் போனேன். என்னைப் போல நாலு பேர் தேவைப்படுகிற வேலை அது. அத்தை என் தோளில் பட்டு, என்னையும் சேர்த்துக்கொண்டு, மாமா சொன்ன அதே முள்ளுச்செடியில் விழுந்தாள். பூசணி சேணத்தை வயிற்றுக்கு அடியில் தொங்கவிட்டபடி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமா ஓடி வந்து அத்தையைத் தூக்கினார். அந்தப் பதற்றம் நடிப்பு இல்லை. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார், புடவையைத் தட்டிவிட்டார், முழங்காலை நீட்டி மடக்கிப் பார்க்கச் சொன்னார். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"நல்லவேளை, மார்வாரை மாட்டல. மாட்டியிருந்தா இந்நேரம் அந்து போயிருக்கும்."

இந்தத் தடவை அத்தை சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து மேட்டுக்குப் போய் இறங்கியவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள். மேலே என்ன தெரிகிறது என்று கேட்பதை விட்டுவிட்டாள். அவர்களாகச் சொல்ல வந்தாலும், "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

மாமாவுக்கு மட்டும் உறுத்தாமல் இருக்குமா? உறுத்தியது. உறுத்தினால் பத்திரக்காரர் எங்கே போவார்? கடைக்குப் போனார். ஒரு பூட்டு வாங்கி வந்தார். கனமான பித்தளைப் பூட்டு. அலமாரிக்கு.

"எவ்வளவு முக்கியமான சாமான்னு இப்பதான்டா புரியுது. இத்தனை நாள் இதைத் திறந்து போட்டு வெச்சிருந்தோமே."

இதற்கு மேலும் ஒருவர் சும்மா இருந்தால் அது பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை ஆகாது. பித்தளைப் பூட்டு முன்னால் தொங்கியது. அலமாரியின் பின்பக்கமோ நாலு திருகாணியில் நிற்கிற வெறும் பிளைவுட் பலகை. மதியம் மாமா தூங்குகிற தூக்கம், குதிரை வந்து போர்வையை உருவினாலும் கலையாது. மார்வார், வால்வார், ரப்பர் மெத்தை மூன்றும் வெளியே வந்தன. பெட்டிக்குள் வைக்கோல் போனது. படம் முன்னால் தெரிகிற மாதிரி பாலிதீனை மடித்து, டேப்பை அதே கோட்டில் ஒட்டி, பலகையை முடுக்கிவிட்டேன்.

புதுத் தோலைப் பழசாக்குவது பாவமான வேலை. எண்ணெய் தேய்த்து, லாயத்துப் புழுதியில் புரட்டி, சாணத்தூள் தூவி, பூசணிக்கு மாட்டி, அவள் வியர்க்கிற வரை நானே மேட்டில் ஏறி இறங்கினேன். சேணம் இம்மியும் நகரவில்லை. வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தொங்கிப் பார்த்தேன். பூசணிதான் நின்று, உனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள். சில நாள்களில் வார்களைப் பார்த்தால் மூன்று தலைமுறை உழைத்த மாதிரி இருந்தது.

மாமா கண்ணில் பட்டது.

"ஏதுடா இந்தப் பழசு?"

"பழைய கொட்டகையில கெடந்துச்சு மாமா."

கையில் எடுத்தார். தினம் காலையில் பெட்டியைத் துடைக்கிற கை அது. வளைத்தார், இழுத்தார், கொக்கியைச் சுண்டினார், முகர்ந்தார். புழுதி ஏறியதில் தும்மினார்.

"அந்தக் காலத்துத் தோல்டா. உழைப்பைப் பாரு. இப்ப வர்றதெல்லாம் இந்த மாதிரி நிக்காது."

"அப்ப இதையே மாட்டிக்கலாமா மாமா?"

"தாராளமா மாட்டு. பழசுதானே."

நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் அந்த வாரை எப்போது பார்த்தார்? பெட்டியைத்தான் பார்த்தார். பத்திரக்காரருக்குத் தன் பொருளைத் தெரியாது, அதன் உறையைத்தான் தெரியும்.

மிச்சம் இருந்தது அத்தை. தீவனத் தொட்டி பக்கத்தில் பூசணியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வாங்க அத்தை, மேட்டுக்குப் போவோம்."

"போடா, வேலை கெடக்கு."

"நான் ஏறி இறங்கிப் பார்த்துட்டேன். ஆடவே இல்ல."

"நீ எலும்பும் தோலும். உன்னைச் சுமந்தது அதுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அப்ப நீங்களே ஆட்டிப் பாருங்க."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கால் வைக்கிற அங்கவடியைப் பிடித்து, போன தடவை விழுந்த கோபம் முழுவதையும் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தாள். சேணம் அசையவில்லை. குதிரைதான் ஓரடி நகர்ந்து வந்தது. இன்னொரு இழுப்பு. குதிரை இன்னோரடி வந்தது. அத்தை நிறுத்தினாள். தன் உள்ளங்கையை முகர்ந்தாள். மார்வாரின் உள்பக்கம் விரலை விட்டு, புழுதி படாத இடத்தைத் தடவினாள். அலுவலக அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"பழசுக்கு இந்த வாசனை வராதேடா."

நான் பூசணியின் காதில் இருந்த தூசியைத் தட்டினேன்.

"உங்க மாமா தாங்குவாரா?"

"தெரிஞ்சாத்தானே அத்தை."

முக்காலி எங்கே என்று கேட்டாள்.

நாலடி நடந்ததும் நிறுத்தி, பூசணி மூச்சை விட்ட பிறகு வாரை மறுபடி இறுக்கினேன். முதல் ஏற்றத்தில் அத்தை என் தோளைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சேணம் பின்னால் போகப் பார்த்தது, மார்வார் விறைத்துப் பிடித்துக்கொண்டது. முள்ளுச்செடியைத் தாண்டும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து, தான் விழுந்த இடத்தை முறைத்தாள். பாதி தூரத்தில் என் தோளை விட்டுவிட்டாள். உச்சிக்கு வந்ததும் இரண்டு கண்ணையும் திறந்தாள்.

அந்தப் பக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை. வயல், மின்கம்பி, தூரத்தில் ஒரு லாரி. எனக்கே ஏமாற்றமாக இருந்தது. இதற்காகவா இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள்? அத்தை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள், லாரி மறைகிற வரை பார்த்தாள். பிறகு பூசணியைத் திருப்பச் சொல்லி, எங்கள் பள்ளி இருக்கிற பக்கத்தைப் பார்த்தாள்.

"டேய், லாயத்துக் கூரை மேல நீளமா, பளபளன்னு, அது என்னடா?"

உற்றுப் பார்த்தேன். கூரை ஒழுகுகிறது என்று மாமா வாங்கிய தார்ப்பாய். சுருட்டினது சுருட்டினபடி, உறை வெயிலில் மின்ன, காற்றில் உருண்டு விழாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டி, ஓட்டைக்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தார்.

"பக்கத்துலயே வெச்சிருக்காரு பாரு," என்றாள் அத்தை. "வேணும்னா ஓட்டையே வந்து எடுத்துப் போத்திக்கட்டும்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள். தோள் குலுங்க, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, பூசணியும் சேர்ந்து குலுங்கினாள். சேணம் குலுங்கவில்லை.

இப்போது அத்தை அடிக்கடி மேட்டுக்குப் போகிறாள். மாமா புதியவர்களை நிறுத்தி அதைக் காட்டுகிறார். "பாருங்க சார், பழைய வார்லயே எவ்வளவு சேஃபா போறா. அப்ப அலமாரியில இருக்கிற புதுசு எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சுக்குங்க." எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. வைக்கோல் தோல் மாதிரி கனக்காது. துடைக்கத் தூக்குகிற கைக்கு ஒருநாள் தெரிந்துவிடும். ஒரு காலையில் மாமா பெட்டியைத் தூக்கி, நடுவில் நிறுத்தி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். நான் கதவைப் பார்த்து நகர்ந்தேன்.

"கனத்தைப் பாருடா," என்றார். "தரமான சாமான்னா இப்படி இருக்கணும்."

மதியம் பின்பலகையைக் கழற்றப் போனேன். திருகாணிகள் நான் முடுக்கியதைவிட இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தன. பெட்டிக்குள், வைக்கோலுக்கு நடுவில், கலகலக்காமல் இருக்கப் பழைய புடவைத் துண்டில் சுற்றி, தேய்ந்துபோன லாடங்கள். அத்தை வெளியே தீவனம் சலித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதைப் படித்துச் சிரித்திருந்தால் சந்தோஷம். சிரிப்புக்கு நடுவில் உங்கள் கண் ஒரு கணம் பரண் பக்கமோ பீரோவின் மேல்தட்டுப் பக்கமோ போய் வந்ததே, அது என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. புதுசு, பிரிக்கவில்லை, தேவை வரட்டும் என்று வைத்திருக்கிறீர்கள், சரி. பிரிக்கவும் வேண்டாம். போய் ஒருமுறை தூக்கி மட்டும் பாருங்கள். லேசாக இருந்தால் உங்கள் வீட்டில் யாருக்கோ புத்தி வந்துவிட்டது என்று அர்த்தம். கனமாக இருந்தால் அவசரப்பட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உங்கள் மேல் பிரியமுள்ளவர் ஒருவரும் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்.